பதினான்கு பூச்சு மெழுகு

ஏப்ரல் 2, வியாழன்

கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மனமறிய உறுதி கூறுகிறேன்: இந்த நோட்டில் இன்று முதல் எழுதப்படும் கதையை ஒரு மனிதப்பிறவியும் நம்பப் போவதில்லை. என் மனைவி ஆவுடையம்மாள் என்னுடைய எந்தக் கதையையும் நம்பியதில்லை என்பதால் அவளை இதில் சேர்க்கவில்லை.

எழுதுவது குற்றாலலிங்கம், வயது அறுபத்தாறு. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் முப்பத்தொரு வருடம் மெழுகு முக்கும் பிரிவை ஆண்டவன். மருந்து வைப்பதற்கு முன்னால் குச்சியின் முனையைக் கொதிக்கும் மெழுகில் முக்குவார்கள். என் ஆட்சியில் முக்கியெடுத்த குச்சிகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். மிச்சக் குச்சியில் அங்கே ஒரு காப்பியும் போட்டுக்கொள்ளலாம்.

இன்று காலை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. (லோடு ஆட்டோ என்கிறாள் ஆவுடை. அவளுக்குக் கண்ணில் புரை.) இறங்கியவள் நர்மதா, என் தங்கையின் ஒரே மகள். சென்னையில் ஓவியம் வரைகிறாள். கொண்டுவந்தது ஒன்பது மரப்பலகை, இரண்டு மூட்டை தேன்மெழுகு, வண்ணப்பொடி டப்பாக்கள், துப்பாக்கி மாதிரி ஒன்று.

"சுடுமா?" என்றேன்.

"சூடான காத்து மட்டும்தான் மாமா வரும்."

"உங்க அத்தைகிட்டயும் அதேதான்" என்றேன். அத்தை பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

மே பத்தாம் தேதி சென்னையில் கண்காட்சி. ஜூனில் கல்யாணம், மாப்பிள்ளையை அவளே பார்த்துக்கொண்டாள், நல்ல பையன். கண்காட்சி வரை ஒரு மாதம் எங்கள் மாடி ஹாலில் வேலை. திருநெல்வேலியில் அவள் அம்மா வீட்டில் செய்ய முடியாதாம், மெழுகுப் புகை பட்டால் உலகம்மைக்கு இழுப்பு வரும்.

உலகம்மை என்பது என் தங்கை. பதினோரு வருடமாக என்னோடு பேசுவதில்லை. காரணத்தைப் பிறகு எழுதுவேன். எழுதாமலும் இருப்பேன். நோட்டு என்னுடையது.

ஏப்ரல் 4, சனி

இந்த ஓவியத்தைத் தூரிகையால் மட்டும் போடுவதில்லை. தேன்மெழுகைக் காய்ச்சி, அதில் குங்கிலியப் பிசினை உருக்கிச் சேர்த்து, வண்ணப்பொடி கலந்து, சூடு ஆறுமுன் பலகையில் பூச வேண்டும். பூசியதும் அந்தத் துப்பாக்கியால் காட்டினால் முதல் பூச்சும் இரண்டாம் பூச்சும் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. வேண்டாம் என்றால் சுரண்டலாம். சுரண்டினால் பழையது எட்டிப் பார்க்கும்.

வண்ணங்களைச் சூடாக வைத்திருக்க ஒரு தட்டையான இரும்பு வேண்டும் என்றாள். நான் அரசகம்பீரத்துடன் அடுப்படிக்குப் போய் ஆவுடையின் தோசைக்கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று தோசை நீல நிறம்.

ஏப்ரல் 9, வியாழன்

நாட்டு மருந்துக் கடையில் இரண்டு கிலோ வெள்ளைக் குங்கிலியம் கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, வீட்ல யாருக்கும் எதுவும் வயித்துக்கோளாறா?" என்றார். ஓவியத்துக்கு என்றேன். "அப்ப சரி, வயித்துக்கோளாறு இல்ல, மனக்கோளாறு" என்று பொட்டலம் கட்டினார்.

மெழுகு பதமாக இருக்கிறதா என்று பார்க்க நர்மதா ஒரு வெப்பமானி வைத்திருக்கிறாள். நான் மாடிப்படியில் பாதி ஏறும்போதே மூக்கை உயர்த்தி, "அஞ்சு டிகிரி கூடிப்போச்சு, இறக்கு" என்றேன். பார்த்தாள். சரியாக ஐந்து டிகிரி. (ஆறு என்கிறாள். இருக்கட்டும்.)

பலகைகளைச் சாய்த்து வைக்க இடம் போதவில்லை. ஹாலின் மேற்குச் சுவரில் தொங்கும் மளிகைக்கடை காலண்டரைக் கழற்றலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன்.

"அது மூணு வருஷத்துக்கு முந்தின காலண்டர் மாமா."

"அதனாலென்ன, தேதி எல்லா வருஷமும் ஒண்ணுதானே?"

"அந்தச் சுவத்த மட்டும் இருபத்தஞ்சு வருஷமா வெள்ளையடிக்கவும் விடமாட்டாவ" என்று ஆவுடை போட்டுக்கொடுத்தாள். "கேட்டா வாஸ்துங்காவ. இவுகளுக்கும் வாஸ்துவுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் பேச்சை மாற்றினேன். அதில் எனக்கு உலக அளவில் பெயருண்டு.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பாயசம், வடை. வடையில் மெழுகு வாசனை; நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏழு தின்றேன்.

சாப்பிட்டதும் நர்மதாவின் செல்போனில் ஏதோ வந்தது. அவள் முகம் சுருங்கியது. எட்டிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. உலகம்மை அனுப்பியிருக்கிறாள். நல்ல எழுத்து, நல்ல மஞ்சள். கீழே 'தாய்மாமன்' என்று போட்டு, ராஜபாளையம் சங்கிலிவீரன் பெயர்.

சங்கிலிவீரன் எங்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. தங்கமான மனிதன். வருடத்துக்கு மூன்று வார்த்தை பேசுவான், அதில் இரண்டு 'ம்'.

எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவதும், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவதும் தாய்மாமன். அப்பா இல்லாத பெண்ணுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதல். நர்மதாவின் அப்பா அவள் பதினெட்டாவது வயதில் போய்விட்டார்.

"நான் அம்மாகிட்ட பேசுறேன் மாமா."

"எதுக்கு? எனக்கு முழங்கால் வலி. மணவறை வரைக்கும் நடக்கணும்னா ரெண்டு இடத்துல உக்காரணும். சங்கிலிவீரன் கட்டுமஸ்தான ஆளு" என்றேன்.

பிறகு சாயங்காலம் நாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தேன். முழங்காலுக்கு நல்லதாம்.

ஏப்ரல் 17, வெள்ளி

கண்காட்சிக்குப் பெயர் 'உறவுமுறை'. ஒன்பது பலகை, ஒவ்வொன்றும் அவள் வாழ்க்கையில் ஒரு மனிதர். ஆனால் மூக்கு கிடையாது, முழி கிடையாது. நிறம், கீறல், மேடு, பள்ளம். பெயர்கூட இல்லை, எண்தான்.

இரண்டு மணி நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் காலத்து ராஜாக்கள் போர்க்களத்தைப் பார்ப்பது போல. ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் பெரியதாக, சிவப்பாக, கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு பலகை. சரி, இது நான்தான் என்று முடிவுகட்டித் தொண்டையைக் கனைத்தேன்.

"இது என்னப் பாத்து வரைஞ்சதுதான?"

"அது அத்தை."

ஆவுடை மாடிக்கு வந்து அந்தப் பலகையின் முன் நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். இந்த ஜென்மத்தில் இப்படியொரு அநியாயத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப நான் எது?"

கோடியில் இருந்த ஆறாம் எண்ணைக் காட்டினாள். வெள்ளை. முழுக்க வெள்ளை. பால்கோவா தட்டைக் கவிழ்த்தது போல. அதில் ஒன்றுமே இல்லை.

"பதினாலு பூச்சு மாமா. எல்லாம் நிறமில்லாத மெழுகு."

"ஏம்மா, ஒரு சொட்டு ஊதாவாவது விட்டிருக்கலாம்லா? அத்தைக்கு மூணு டப்பா சிவப்பு!"

அவள் சிரிக்கவில்லை. "மேல மேல பூசிட்டே போனேன். எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியல" என்றாள். கண் கலங்கியிருந்ததா, புகையா, தெரியாது.

படுத்த பிறகும் யோசித்தேன். நான் வெள்ளையா? நல்லவன் என்று அர்த்தமா, காலி என்று அர்த்தமா?

ஏப்ரல் 20, திங்கள்

சரி, எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நர்மதாவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வந்தார்கள். அவளுக்கு இருபது வயது. நல்ல இடம். கணவன் போன பிறகு தனியாக நின்ற உலகம்மைக்கு அந்த இடம் கிடைத்ததே பெரிய ஆறுதல். பெரியவர் என்று என்னைத்தான் நடுநாயகமாக உட்கார வைத்தாள்.

நான் வாயைத் திறந்தேன். பெண் தாமிரபரணியை வெள்ளத்தில் நீந்திக் கடந்தவள் என்றேன். ஒரே இருப்பில் நாற்பத்திரண்டு இட்லி சாப்பிடுவாள் என்றேன். கோபம் வந்தால் தோசைக்கரண்டியை எறிவாள், குறி தப்பாது, என் காதைப் பாருங்கள் என்றேன். சுவரைக் கண்டால் விடமாட்டாள், மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி நாசம் செய்துவிடுவாள் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். இன்னும் முப்பத்தாறு சங்கதி கைவசம் இருந்தது, சொன்னேன். அவர்கள் காரில் ஏறுவதைப் பார்க்க வேண்டுமே. வெள்ளம் வந்த ஊரைக் காலி செய்வது போல.

உலகம்மை என் எதிரில் வந்து நின்றாள். "அவுக இருந்தா இப்படிப் பேசியிருப்பியா? அப்பா இடத்துலதான உன்ன உக்கார வச்சேன். இனிமே என் வீட்டு வாசல் மிதிக்காத, நானும் ஒன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அது இந்த நோட்டுக்குத் தேவையில்லை.

ஏப்ரல் 22, புதன்

வெயில் நூற்று நாலு டிகிரி. நான்காம் எண் பலகை (அவள் கல்லூரித் தோழி) ஓரத்தில் இளகிவிட்டது. நட்பு அப்படித்தான் என்றேன். நர்மதா ஈரத்துணியை எறிந்தாள். குறி தப்பவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

உலகம்மை புதன்கிழமை வருகிறாள்! பலகைகள் சென்னைக்குப் போகுமுன் ஒருமுறை வந்து பாருங்கள் என்று நர்மதா கெஞ்சியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு மாடிப்படி வெளியே இருக்கிறது. வெளிப்படி வீட்டில் சேர்த்தி இல்லை, மாடி ஹால் நர்மதா வேலை பார்க்கிற இடம், ஆகவே சபதத்துக்குப் பங்கமில்லை என்று என் தங்கை தீர்ப்பு எழுதியிருக்கிறாள். உச்ச நீதிமன்றம் தோற்றது.

மாடிக்குப் போய் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தேன். என் பலகையின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு மங்கல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்த மங்கலுக்கு அடியில், வலது மூலையில், மிக ஆழத்தில், மஞ்சளாகச் சதுரமாக ஏதோ ஒன்று.

நான் அப்படியே நின்றேன்.

பிறகு கீழே வந்துவிட்டேன். மங்கலாக இருப்பது அழகில்லை. தங்கை பார்க்க வருகிறாள். அதை மட்டும் சரிசெய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நடந்ததை அப்படியே பதிகிறேன்.

காலையில் நர்மதா பெட்டி செய்யும் ஆசாரியைப் பார்க்கப் போனாள். வேட்டியில் மெழுகு கொட்டினால் என்ன செய்வோம்? மேலே செய்தித்தாளை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைப்போம். தாள் மெழுகைக் குடித்துவிடும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அத்தனை பேர் வீட்டிலும் இதுதான் வழக்கம். மேல் மங்கலை மட்டும் எடுக்க ஒரே ஒரு இழுப்பு போதும் என்று என் முப்பத்தொரு வருட அனுபவம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைத் தாளை விரித்தேன். பெட்டியை மூலையில் வைத்தேன். தாள் குடித்தது. இன்னும் குடித்தது. பாலைவனத்து ஒட்டகம் அப்படிக் குடித்ததில்லை. கொஞ்சம் அதிகமாக அழுத்தியிருக்கலாம். கொஞ்சம் அதிக நேரம் அழுத்தியிருக்கலாம். மஞ்சள் சதுரத்தைப் பெயர்த்து எடுக்கலாம் என்று நகத்தால் முயன்றதாக ஆவுடை சொல்வதை நான் மறுக்கிறேன்.

தாளை உரித்தேன். ஒரு மூலையில் பத்துப் பூச்சு போயிருந்தது. மிச்சமிருந்த மெழுகில் அச்சு மையும் இறங்கிவிட்டது. மணமகள் தேவை விளம்பரம், இடம் வலமாகத் திரும்பி. 'நல்ல குடும்பம், எதிர்பார்ப்பு இல்லை' என்று கண்ணாடியில் காட்டினால் படிக்கலாம்.

அதற்கு நடுவில் பட்டப்பகல் போலத் தெளிவாக, ஒரு தீப்பெட்டியின் உள்தட்டு. பிரித்துத் தட்டையாக்கி மெழுகில் பதித்தது. அதில் பேனா எழுத்து.

நர்மதா வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மங்கலைத்தான் எடுக்கப் பாத்தேன்" என்றேன்.

"பனியன் துணியால துடைச்சா போயிருக்கும் மாமா."

"உங்க அம்மா நாளைக்கு வாராளே. ஒரு துணியப் போட்டு மூடிருவோம். சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சிருவோம். அன்னைக்கே அதக் கிழிச்சுப் போடச் சொல்லித்தானம்மா திருப்பிக் குடுத்தேன்?"

அவள் எழுந்து இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

ஏப்ரல் 29, புதன்

உலகம்மை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வெளிப்படி வழியாக ஏறினாள். தலை நரைத்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருடம் என்றால் பதினோரு வருடம்தானே, ஆனாலும் எதிர்பார்க்கவில்லை.

தூணைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள். ஆவுடையிடம் "நல்லா இருக்கியளா மதினி" என்றாள். ஒவ்வொரு பலகையாக நின்று பார்த்தாள். சிவப்பைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, "இது மதினி" என்றாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

ஆறாம் எண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். "இது ஏன் இப்படி நிக்கிது?" என்று கேட்டாள். நான் ஓர் அருமையான கதையை ஆரம்பித்தேன், மின்னல் தாக்கியதாக. நர்மதா குறுக்கே வந்து பலகையைத் திருப்பினாள்.

உலகம்மை குனிந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"மாமா இது வேண்டாம். படிக்கணும். அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு. எப்படியாவது நிறுத்துங்க."

எழுத்தின் மேல் விரலை வைத்து மகளைப் பார்த்தாள்.

"இது ஒன் கையெழுத்துல்லா?"

"ஆமாம்மா. அன்னைக்கு மாமா தீப்பெட்டி கேட்டாங்கன்னு கொண்டு குடுத்தேனே, எல்லாருக்கும் முன்னால... அதுக்குள்ள எழுதித்தான் குடுத்தேன்."

"பதினோரு வருஷம்" என்றாள் உலகம்மை. என்னைப் பார்த்து இல்லை, பலகையைப் பார்த்து. "பதினோரு வருஷம் ரெண்டு பேரும் சேந்து என்னக் கேனச்சி ஆக்கியிருக்கீய."

"மாமாதான் சொல்லக்கூடாதுன்னாங்கம்மா. அம்மாவுக்கு ஒம்மேல கோவம் வந்தா வீட்ல ஒனக்கு வேற யாரு இருக்கா, எம்மேல வந்தா பரவாயில்லன்னு..."

"நீ பேசாத" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாததால் எல்லோரும் பேசாமல் இருந்தோம்.

ஆவுடை கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டாள். காப்பியை நான் குடித்தேன். உப்பாக இருந்தது. ஆவுடை சர்க்கரைதான் போட்டேன் என்கிறாள்.

மே 1, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. கோபமா, வருத்தமா, அவமானமா? முன்னே என்னிடம் மட்டும் பேசவில்லை, இப்போது மகளிடமும் பேசவில்லை. ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டையும் கெடுத்தேனா? ஒன்பது பலகையையும் மறுபடி பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. முன்னே விளங்காதது வேறு, இப்போது விளங்காதது வேறு.

ஆவுடை சாப்பாடு போடும்போது கேட்டாள்: "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நீ நம்பியிருக்க மாட்ட."

"நெசந்தான்" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மே 3, ஞாயிறு

காலை பத்து மணி. பதினேழு கார்கள் புழுதி கிளப்பி வந்து நின்றன. (ஒரு வாடகைக் கார்.) உலகம்மை இறங்கினாள். வெளிப்படிப் பக்கம் போகவில்லை. நேராக முன்வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

உட்காரவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தாள். தாய்மாமன் என்ற இடத்தில் சங்கிலிவீரன்.

"ஐநூறு அடிச்சாச்சு. இனி மாத்த முடியாது" என்றாள்.

"அதனாலென்ன, அழகா வந்திருக்கு" என்றேன்.

"பத்திரிகையில யாரு பேரு இருந்தா என்ன? வைகாசி இருபத்தெட்டு. காலையில நாலரைக்கு மண்டபத்துல குளிச்சு ரெடியா நிக்கணும். பட்டம் நீதான் கட்டணும், கையப் புடிச்சு நீதான் கூட்டிட்டு வரணும். ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லு."

"தாலி ஏறுற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது. மாப்பிள வீட்டாளுக பேரு கேட்டாலும் மதினிதான் சொல்லணும்."

உலக வரலாற்றில் எந்த மன்னனுக்கும் இப்படியொரு தண்டனை விதிக்கப்பட்டதில்லை. சம்மதம் என்று தலையை ஆட்டினேன். இப்போதே பழகிக்கொள்ளலாமே என்று.

மாடிக்கு எல்லோரும் போனோம். அந்த மூலையை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. நர்மதா அப்படியே இருக்கட்டும் என்றாள். "ஊரே வந்து என் வீட்டுச் சங்கதியப் படிக்கணுமாக்கும்?" என்றாள் அவள் அம்மா. கடைசியில் ஒரே ஒரு பூச்சு, தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மாதிரி, என்று முடிவானது. நர்மதா தூரிகையை எடுத்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கை நடுங்குது" என்றாள் உலகம்மை, கைக்குட்டைக்குள்ளிருந்து. "அண்ணன் ஊத்தட்டும். மெழுகு அண்ணனுக்குத்தான் தெரியும்."

வெப்பமானியைப் பார்க்காமல் மூக்கால் பதம் பார்த்து ஊற்றினேன். ஆறு டிகிரி கூடியிருந்ததாம். புகையில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது, அவ்வளவுதான்.

மே 4, திங்கள்

பலகைகள் சென்னைக்குப் போய்விட்டன. தோசைக்கல்லை ஆவுடை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள்.

இனி ஒப்புதல். லாரி வரவில்லை, லோடு ஆட்டோதான். நிலாவில் யாரும் காப்பி போடவில்லை. வடை ஏழு இல்லை, பதினொன்று. மதுரைக்காரர்களிடம் நான் சொன்ன நாற்பது சங்கதியில் தாமிரபரணி பொய், இட்லி பொய், என் காதில் இருப்பது மாட்டுவண்டி இடித்த தழும்பு.

ஒன்றே ஒன்று, சின்னது, உண்மை. ஆறு வயதில் பெரிய லீவுக்கு வந்தபோது நர்மதா தன் பிறந்தநாள் மெழுகுவர்த்தி அத்தனையையும் உருக்கி மாடி ஹாலின் மேற்குச் சுவரில் ஊற்றிவிட்டாள். சிவப்பு ஒரு திட்டு, மஞ்சள் ஒரு திட்டு. இதில் நான் எது என்று அப்போதும் கேட்டேன். சொல்லாமல் ஓடிவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலண்டரைத் தூக்கினால் தெரியும்.